ஆசிரியர் இறந்துவிட்டார், அனைவரும் வருக

உள்ளர்த்தத்தார் என்று ஓர் இனம் உண்டு. சாதிச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீசில் போய்க் கேட்காதீர்கள், பட்டியலில் இருக்காது. எங்கள் கடையில் நாங்களாக வைத்த பெயர். ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக் கிளம்பி, முதல் வருடம் பூவையும் நிலாவையும் பற்றிய கவிதைகளைச் சமர்த்தாகப் படித்து, இரண்டாம் வருடம் இலக்கியக் கோட்பாடு என்ற தாளுக்குள் காலை வைத்து, அதற்கப்புறம் ஒரு டீயைக்கூட டீ என்று குடிக்க முடியாமல் போனவர்கள்தாம் உள்ளர்த்தத்தார். அவர்களுக்கு டீ என்றால் தேயிலைத் தோட்டம், கப்பல், கம்பெனி, வெள்ளைக்காரன், சுரண்டல். எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிடும். அப்புறம் அந்த ஆடைக்கு ஓர் அர்த்தம் சொல்வார்கள்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. மந்தைவெளியில் பஸ் டிப்போவுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ், டி.டி.பி., ஸ்பைரல் பைண்டிங், ஆய்வேட்டு பைண்டிங் என்று நாலு வேலைகளை எட்டடிக் கடைக்குள் செய்கிற ஜானகி நான். பத்தொன்பது வருடமாக இந்த இனத்தோடு புழங்குகிறேன். ஓர் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் படிப்பதாகச் சொல்கிறார்கள். அந்த மூன்று பேர் நிஜமாகவே படிக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் படித்திருக்கிறேன், ஓர் எழுத்து விடாமல். முன்பெல்லாம் டைப் அடித்தேன்; இப்போது எல்லாரும் லேப்டாப்பில் அடித்துக்கொண்டு வந்தாலும் மார்ஜின் வைக்கவும் பக்க எண் போடவும் நூற்பட்டியலை அடுக்கவும் இங்கேதான் வந்தாக வேண்டும். படிக்காமல் எப்படி அடுக்குவது?

முதல் முதலாக இந்த இனத்தை நான் அடையாளம் கண்டது ஒரு சாதாரணக் கேள்வியில். கடைக்கு வந்த ஒருவரிடம், "எத்தனை பிரதி வேணும் சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "பிரதின்னு எதைச் சொல்றீங்க? எதுதான் பிரதி இல்ல?" என்றார். எனக்குப் பிரதி என்றால் ஜெராக்ஸ். அவருக்குப் பிரதி என்றால் வாசித்து அர்த்தம் எடுக்கக்கூடிய எதுவும், அதாவது உலகம். நாவல் ஒரு பிரதி, சினிமா ஒரு பிரதி, அவர் சட்டை ஒரு பிரதி, பின்னால் வரிசையில் நின்று ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்த அம்மாள் ஒரு பிரதி. கடைசியில் மூன்று காப்பி வாங்கிக்கொண்டு போனார்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? மிகச் சுலபம். பேசும்போது இரண்டு கைகளையும் தூக்கிக் விரல்களால் காற்றில் மேற்கோள் குறிக் கொக்கி போடுவார்கள். 'உண்மை', 'குடும்பம்', 'சாப்பாடு' ஆகியவை கட்டாயம் கொக்கிக்குள் போகும். எதைச் சொன்னாலும், "அதைப் பிரச்சினைப்படுத்தணும்" என்பார்கள், ஏதோ ஊரில் இருக்கிற பிரச்சினை போதாததுபோல. நாவல் படித்தீர்களா என்றால் அதைப் பற்றிய புத்தகம் படித்தேன் என்பார்கள், கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் அதைப் பற்றிய புத்தகத்தைப் பற்றிய புத்தகம் என்று தெரியவரும். வாய்க்குள் நுழையாத நாலு பிரெஞ்சுப் பெயர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஆங்கிலம் நம்மை அடிமைப்படுத்திய மொழி என்று முந்நூறு பக்கம் எழுதுவார்கள். எந்த மொழியில் எழுதினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் நிரஞ்சன். மயிலாப்பூர்ப் பிள்ளை, அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். கல்லூரியின் பெயர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள். தங்கமான குணம். தோளில் துணிப்பை, காதில் பென்சில், கண்ணில் தூக்கமின்மை. அவர் அம்மா காமாக்ஷி மாமி ஒரு நாள் ரேஷன் கார்டைக் காப்பி எடுக்க வந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா ஜானகி, இவன் என்னதான் படிச்சிண்டிருக்கான்? அஞ்சு வருஷமா கேக்கறேன், ஒரு வார்த்தை புரியலை. ஆத்துல ரசம் எப்படிடா இருக்குன்னு கேட்டா, 'இதுல புளியோட இல்லாமைதான்மா பேசறது'ங்கறான். புளி போறலைன்னு சொல்லிட்டுப் போயேன்டா! போன வாரம் ரங்கநாதன் தெருவுக்கு ஒரு போர்வை வாங்கலாம்னு கூட்டிண்டு போனேன். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'னு போர்டு. அதைப் பார்த்துண்டே அரை மணி நின்னான். கூட்டம் அவனை இடிச்சு இடிச்சு மாம்பலம் ஸ்டேஷன் வாசல்ல கொண்டு விட்டுடுத்து. போர்வையும் வாங்கலை, பிள்ளையையும் தேடினேன்."

"எழுதினவருக்கு அவர் எழுதினதுமேல எந்த அதிகாரமும் கிடையாதுன்னு ஆராய்ச்சி பண்றார் மாமி. எழுதி முடிச்சதும் அவர் செத்துட்டார்னு வெச்சுக்கணுமாம். அப்புறம் படிக்கிறவங்க என்ன அர்த்தம் எடுக்கறாங்களோ அதுதான் அர்த்தம்."

"அதைச் சொல்ல அஞ்சு வருஷமா?"

மாமியிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்த ஆராய்ச்சியின் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கமா அதிகமாக இருந்தது. எடுத்துவிட்டேன். தம்பி அடுத்த நாள் வந்து, "அக்கா, அந்தக் கமாவை எதுக்கு எடுத்தீங்க? என் நோக்கமே அந்தக் கமாலதான் இருக்கு!" என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். எழுதினவரின் நோக்கம் செல்லாது என்பதுதான் அந்த அத்தியாயம். கமாவைத் திருப்பி வைத்தேன்.

நிரஞ்சனுக்கு வழிகாட்டி பேராசிரியர் கைசர் ஜஹான். ராயப்பேட்டையில் வீடு, முப்பது வருட வேலை, நூல் புடவை, கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். நான் பார்த்த ஆங்கிலப் பேராசிரியர்களிலேயே அதிகம் படித்தவர் அவர்தான், ஆனாலும் என் கடையில் அவர் ஒருநாளும் 'பிரதி' என்று சொன்னதில்லை. "ஜானகி, நாலு காப்பி போடும்மா" என்பார். தாயம்மாவுக்கு, அதாவது என் கடையில் பசை தடவி பைண்டிங் போடுகிறவளுக்கு, வரும்போதெல்லாம் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வருவார். உள்ளர்த்தத்தார் இனத்துக்கே பாடம் நடத்துகிறவர், ஆனால் அந்த இனத்தில் சேராதவர். இப்படிச் சிலர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிரஞ்சன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. அதற்குள் முதல் பக்கத்துக்கு அடுத்த சான்றிதழ்ப் பக்கத்தில் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லையென்றால் பதிவே ரத்து, ஐந்து வருடமும் போச்சு. அதே வெள்ளிக்கிழமை காலை கல்லூரியில் கைசர் ஜஹான் மேடத்தின் பேச்சு ஒன்றும் இருந்தது, நிரஞ்சனின் ஏற்பாடு. வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்கு ஏழு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் மைக் கட்ட வந்தவர்கள். இந்தத் தடவை ஊரே வர வேண்டும் என்று நிரஞ்சன் ஆசைப்பட்டார். ஆங்கிலம் நம்மை அடிமைப்படுத்திய மொழி என்பது வேறு அந்த வாரம்தான் அவருக்கு முழுசாக உறைத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போஸ்டரைத் தமிழில் எழுதினார்.

புதன்கிழமை சாயங்காலம் என் வாட்ஸப்புக்கு வந்தது இது. மேலே மேடத்தின் புகைப்படம். கீழே:

'ஆசிரியர் இறந்துவிட்டார்.
பேராசிரியர் கைசர் ஜஹான்.
வெள்ளி காலை 10.30, கல்லூரிக் கருத்தரங்கக் கூடம்.
அனைவரும் வருக.
ஆய்வு மாணவர்கள்.'

அதற்குக் கீழே எனக்குத் தனியாக ஒரு வரி: 'அக்கா, கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளைல சீரியஸா இருக்கணும், மந்தைவெளிலேர்ந்து அடையாறு வரைக்கும் எல்லா பஸ் ஸ்டாப்லயும் ஒட்டிடுங்க.'

சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எனக்கு உடனே புரிந்திருக்கும். எழுதினவர் செத்துப்போனதை ஆங்கிலத்தில் ஐம்பது தடவையாவது டைப் அடித்தவள் நான். தமிழில் ஆசிரியர் என்றால் எழுதுகிறவர் என்றும் அர்த்தம், ஆனால் பள்ளிக்கூடம் போன யாருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருவது கையில் சாக்பீஸோடு நிற்கிற ஆசிரியர்தான். எனக்கும் அவர்தான் வந்தார். போன வாரம் சிரித்துக்கொண்டே போனவர். ஸ்க்ரீனைப் பார்த்தபடி அழுதேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

தாயம்மா பசைக் கையோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"மேடம் போயிட்டாங்க தாயம்மா."

"எந்த மேடம்? பஜ்ஜி மேடமா? ஐயையோ! போன வாரம் நல்லாத்தானே கீது அந்தம்மா, எங்கூட சிர்ச்சிப் பேசிக்கினு இருந்துச்சே!"

நிரஞ்சனுக்கு போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். கடைசி அத்தியாயம் எழுதும்போது அவர் உலகத்தோடு தொடர்பைத் துண்டித்துக்கொள்வார், அது அவர் வழக்கம். பாவம், துக்கத்தில் தட்டுத் தடுமாறி எழுதியிருக்கிறார், சாவுக்குப் போய் 'வருக' என்று யாராவது போடுவார்களா என்று நானே கொஞ்சம் திருத்தினேன். பத்தொன்பது வருட அனுபவம் சும்மா இருக்குமா? சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு'. 'வருக' என்பதை 'வாரீர்' ஆக்கினேன். என் கம்ப்யூட்டரில் இருந்த மாதிரியில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடத்துக்கு அது சரியாக வராதே என்று அதை எடுத்துவிட்டு ஒரு பிறை வைத்தேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாயம்மா பசை வாளியோடு கிளம்பி, இருபது போஸ்டரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒட்டிவிட்டு வந்தாள்.

ஒன்பது மணிக்குக் கடை வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். கைசர் ஜஹான் மேடம்.

தாயம்மா கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. நான் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜானகி, ஒரு டீ சொல்லும்மா. செத்ததுல இருந்து தாகமா இருக்கு."

"மேடம்..."

"காலையில இருந்து பதினேழு போன். என் தங்கச்சி வாணியம்பாடியில பஸ் ஏறிட்டா. நான்தான் பேசறேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா, அழறா. காலேஜுக்குன்னு ஆட்டோ ஏறினேன். அந்த ஆட்டோக்காரர் போஸ்டரைப் பார்க்கறார், கண்ணாடியில என்னைப் பார்க்கறார், திரும்பப் போஸ்டரைப் பார்க்கறார். அடையாறு வரைக்கும் வர முடியாதும்மான்னு இங்கேயே எறக்கி விட்டுட்டுப் பறந்துட்டார்." டீயை ஊதிக் குடித்தார். "பிறை நல்லா இருந்துச்சு. ஆனா வேற போட்டோ கேட்டு வாங்கியிருக்கலாம்."

நான் வாட்ஸப்பைக் காட்டினேன். மேடம் படித்தார். முதலில் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. ஸ்டூலிலிருந்து விழாமல் தாயம்மாதான் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மேடத்துக்கு.

சரியாக அந்த நேரத்தில் நிரஞ்சன் ஓடி வந்தார். வழியில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சான்றிதழ்ப் பக்கம்; கையெழுத்து வாங்கத்தான் கிளம்பியிருக்கிறார். மேடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், நான் அந்த அர்த்தத்துல எழுதலை! ஆசிரியர்னா ரைட்டர்! எழுதறவர்! ஜானகிக்கா தப்பாப் படிச்சுட்டா!"

"தப்பாவா?" மேடம் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "தப்பான வாசிப்புன்னு ஒண்ணே கிடையாதுன்னு நாலாவது அத்தியாயத்துல யாரோ எழுதியிருந்தாங்களே. நாப்பது பக்கம்."

"அது... அது வேற மேடம். இது நான் என்ன நினைச்சு எழுதினேன்னா..."

"யாரு நினைச்சு?"

"நான்."

"நீ யாருப்பா?"

"எழுதினவன்."

நிரஞ்சனின் காது சிவந்தது. சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்கிறது.

"'சிறப்புரை'ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே. ஏன் போடலை?"

"சிறப்புரைன்னு போட்டா அது ஒரு அதிகாரப் படிநிலையை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் உறையை நீட்டினார். "மேடம், நாளைக்கு நாலு மணி. கையெழுத்து மட்டும் போட்டுடுங்கோ. அஞ்சு வருஷம் மேடம். அம்மாக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

மேடம் தாளை வாங்கினார், பேனாவைத் திறந்தார், மூடினார். "ஜானகி, உனக்குச் சட்டம் தெரியும். செத்தவங்க கையெழுத்து செல்லுமா?"

எனக்குச் சட்டம் எல்லாம் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில், "செல்லாது மேடம்" என்றேன். கமாவுக்காக அரை மணி நேரம் என்னிடம் சண்டை போட்டவராயிற்றே நிரஞ்சன்.

"அப்ப நிரஞ்சன், நீ ஒண்ணு செய். இருபது போஸ்டரையும் உன் கையால கிழிச்சுட்டு வா. கிழிக்கும்போது யார் என்ன கேட்டாலும், நீ என்ன சொல்ல வந்தேன்னு அவங்களுக்குத் தமிழ்ல சொல்லு. ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரக் கூடாது. ஒரே ஒரு ஆளுக்காவது புரிஞ்சா நாளைக்குக் கையெழுத்து. தாயம்மா சாட்சி."

தாயம்மா வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டாள். பாதித் தப்பு என்னுடையது என்பதால் நானும் கடையைச் சாத்திவிட்டு ஒரு தகரத் துண்டோடு கூடவே போனேன்.

முதல் போஸ்டரிலேயே பூக்காரம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி கிழிக்கிற? செத்தவங்க படத்தைக் கிழிக்கிறியே, நல்லா இருப்பியா?"

"அவங்க சாகலைம்மா. டெக்ஸ்ட்ல..."

"இங்கிலீசு ஒண்ணு," என்றாள் தாயம்மா.

"அதாவது... பிரதியில, ஆசிரியர்ங்கறது ஒரு... ஒரு வெறும் செயல்பாடு..."

"உடம்பு சரியில்லையா இந்தப் புள்ளைக்கு?" என்று பூக்காரம்மா என்னைக் கேட்டாள்.

இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து, "ஆக மொத்தம் செத்தது யாரு?" என்றார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர், "அந்தம்மா உயிரோட இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போப்பா, அதுவே நல்ல சேதிதானே" என்று அறிவுரை சொன்னார். வெயில் ஏறிக்கொண்டே போனது. நிரஞ்சனின் நகங்களுக்குள் பசை. ஒவ்வொரு போஸ்டருக்கும் அவருடைய வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். முதலில் பத்து வரி, பிறகு ஐந்து, பிறகு மூன்று. ஐந்து வருடத்தில் எந்தத் தேர்வாளரும் அவரை இவ்வளவு திருத்தியிருக்க மாட்டார்.

அடையாறு பாலத்துக்கு முன்னால், பதினேழாவது போஸ்டரில், தாயம்மாவே கேட்டாள். "நைனா, நெசமாத்தான் கேக்குறேன். அப்டி இன்னாதான் சொல்ல வந்தே நீ?"

நிரஞ்சன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நகத்திலிருந்த பசையைச் சுரண்டினார். "ஒருத்தர் ஒண்ணைச் சொல்லிடறார், இல்லை எழுதிடறார்னு வைங்கோ. சொல்லி முடிச்சதும் அது அவரோடது இல்லை. கேக்கறவா அவா அவாளுக்கு என்ன தோணறதோ அப்படி எடுத்துக்கறா. அவர் கூடவே வந்து 'நான் அப்படி நினைக்கலை'ன்னு சொல்லிண்டே இருக்க முடியாது. அவர் செத்துட்டார்னு வெச்சுக்க வேண்டியதுதான். அவ்வளவுதான்."

தாயம்மா இடுப்பில் கையை வைத்தாள். "இவ்ளோதானா? இது எனக்குத் தெரியுமே! போன தீவாளிக்கு எங்கூட்டுக்காரு கைல, 'வூட்ட வுட்டுப் போய்யா'ன்னு கத்தினேன். அந்த ஆளு நெசமாவே பூட்டான். மூணு நாளு. நான் இன்னா நெனச்சி சொன்னேன்? கொஞ்ச நேரம் வெளியக் குந்துன்னு நெனச்சி சொன்னேன். அவன் அப்டியா எட்த்துக்கினான்?"

"அதேதான்! அதேதான் தாயம்மா!" நிரஞ்சன் எழுந்து குதித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "உங்களுக்குப் புரிஞ்சிடுத்து!"

"ஆனா நான் சாவலையே நைனா," என்றாள் தாயம்மா. "உசுரோட அடுப்பாண்டதானே குந்திக்கினு இருந்தேன். திரும்பி வந்து, 'இன்னா நெனச்சிடீ சொன்னே'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நிரஞ்சன் என் கையிலிருந்த தகரத் துண்டை வாங்கிக்கொண்டார். மீதி மூன்று போஸ்டர்களையும் ஒரு வார்த்தை பேசாமல் கிழித்தார். உள்ளர்த்தத்தார் ஒருவர் அரை மணி நேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஏழு பேர் வருகிற இடத்தில் இருநூறு பேர். மேடத்தின் பழைய மாணவிகள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், வாணியம்பாடித் தங்கை, பூக்காரம்மா, கையில் மாலையோடு வந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்த பத்துப் பேர். சாவுக்கு வந்தவர்கள் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். மேடம் மாலைகளைத் தயங்காமல் வாங்கிக்கொண்டார். உயிரோடு இருக்கும்போது இத்தனை மாலை யாருக்குக் கிடைக்கிறது?

வரவேற்புரைக்கு நிரஞ்சன் எழுந்தார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, தாயம்மா சொன்னதை அப்படியே சொன்னார், அவள் பெயரைச் சொல்லி. "எழுதினவர் செத்துட்டார்னு நான் அஞ்சு வருஷமா எழுதிண்டிருக்கேன். உயிரோட இருக்கறவாகிட்ட போய் ஒரு வார்த்தை கேக்கலாமேன்னு எனக்குத் தோணினதே இல்லை. இனிமே என் ஆய்வேட்டுல ஒரு பக்கம் அதுக்கும் உண்டு" என்றார். மூன்றாவது வரிசையில் தாயம்மா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் மேடையிலேயே பேனாவைத் திறந்தார். கழுத்தில் பத்து மாலையோடு குனிந்து சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "இறந்தவர் கையெழுத்துங்க, எல்லாரும் சாட்சி" என்று தாளைத் தூக்கிக் காட்டினார். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அந்தப் புதுப் பக்கத்தை நிரஞ்சன் பகல் ஒரு மணிக்கு என் கடையில் உட்கார்ந்து எழுதினார், மேடம் டீ குடித்துக்கொண்டே சரி பார்த்தார், நான் பக்க எண் போட்டேன், தாயம்மா பைண்டிங் போட்டாள். பசை முழுசாகக் காயாத ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு நிரஞ்சன் மூன்று ஐம்பதுக்குப் பல்கலைக்கழக ஜன்னலை அடைந்தார். அந்தப் பக்கத்தில் நான் இரண்டு கமாவை எடுத்தேன். இந்தத் தடவை அவர் சண்டை போடவில்லை. ஒன்றை மட்டும், "அக்கா, இதை எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சரி என்றார்.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். இருக்கட்டும். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இந்தப் பூக்காரம்மா எதன் குறியீடு என்று நடுவில் ஒரு நொடி யோசித்தீர்களா? அவள் பூ விற்கிறாள், அவ்வளவுதான். பதினேழாவது போஸ்டர் ஏன் பாலத்துக்கு முன்னால் வந்தது, பாலத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று தோன்றியதா? அங்கே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. காலையில் நீங்கள் போட்ட நாலு வரி வாட்ஸப்புக்கு உங்கள் தங்கை வெறும் 'ம்' என்று பதில் போட்டதை இன்னும் மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா, இல்லையா? அப்படியானால் துணிப்பையும் காதில் பென்சிலும் இல்லாவிட்டாலும் நீங்களும் உள்ளர்த்தத்தார்தான். போனை எடுத்து அவளைக் கேளுங்கள்.

இந்தக் கட்டுரையில் நான் உங்களைத்தான் சொன்னேன் என்று பட்டால், அதைப் பற்றியும் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். மந்தைவெளி, பஸ் டிப்போவுக்கு எதிர்ச் சந்து, காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. எழுதினவள் உயிரோடுதான் இருக்கிறாள், வந்து கேளுங்கள்.